சொல்லாமல் விற்ற குதிரை

பழைய பொருளை விற்பவர் அதன் குறையைத் தாமாகவே சொல்ல வேண்டுமா, வாங்குபவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? இக்கேள்வி புதியதன்று. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாட்களில் புனித தாமஸ் அக்குவினாசின் ஏடுகளில் இதை நாம் சந்தித்ததுண்டு. 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அவர் குதிரையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது பார்ப்பவர் எவருக்கும் தெரியும். விலையைக் குறைத்துக்கொண்டால் போதும், வாய்திறந்து சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லை. ஆனால் குறை மறைவானதாயும், வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்கக்கூடியதாயும் இருந்தால், சொல்லாமல் விற்பது வஞ்சகம். குறையை அறியாமல் விற்றவர் குற்றவாளியல்லர்; ஆயினும் அறியவந்த நாளில் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்.

வியப்பு என்னவென்றால், நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் குதிரையின் மீதேதான் ஏறி வருகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. நோயுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார், அதன் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது மோசடியன்று. ஆனால் வாங்குபவர் அவருடைய மகள், இப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்றால், சொல்லியாக வேண்டும். மூன்றாவது எடுத்துக்காட்டுதான் நம் மனத்தில் ஆழப் பதிந்தது. “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாயிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவர் பேசாதிருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

குதிரைகளின் காலம் போய்விட்டது. நாம் பணியாற்றும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இப்போது கார்களின் காலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2007இல் சிங்கப்பெருமாள்கோவிலை அடுத்த மகிந்திரா நகரில் பி.எம்.டபிள்யூ., 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான், 2012இல் அங்கேயே டெய்ம்லரின் சரக்குந்துகள் என்று ஆலைகள் வந்தன. வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் காருக்குக் கதவு பொருத்தினார்கள். பொருத்தியவர்களில் எத்தனைபேர் அதில் ஏறிச் சென்றார்கள் என்று கேட்டால் விடை சுருக்கமானது.

அப்படிப் பதினெட்டு ஆண்டுகள் கதவு பொருத்திய ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். வேலையை விட்டு வந்தபோது ஒரேயடியாகக் கையில் கிடைத்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து, ஜெர்மானியப் பெயர் தாங்கிய உயர்வகைக் கார் ஒன்றை வாங்க ஆசைப்பட்டார். மகளைத் திருமணத்தன்று அதில் கோவிலுக்கு அழைத்துவர வேண்டும் என்பது எண்ணம். 2013ஆம் ஆண்டு வண்டி. புதிதாக நாற்பது இலட்சத்துக்கு மேல் விலைபோனது. இப்போது ஒன்பது இலட்சம் கேட்கிறார்கள். “நீங்களும் வாங்க சாமி, நம்மகிட்ட ஏமாத்தத் தயங்குவாங்க” என்றார். அங்கி அணிந்தவரைக் கண்டால் உலகம் தயங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அதைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை.

வழியில் நாம் இரண்டு செய்திகள் சொன்னோம். முதலாவது, இத்தகைய காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரியும். உதிரிபாகங்களின் விலை சரிவதில்லை. ஒன்பது இலட்சத்துக்கு வாங்கியவரும் நாற்பது இலட்சத்துக் காருக்குரிய கியர்பெட்டிக்கே பணம் கட்ட வேண்டும். இரண்டாவது, அந்தக் குதிரைக் கதை. முதலாவதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

படப்பைக்கு அப்பால், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு குடியிருப்பில் விற்பவரைச் சந்தித்தோம். மரியாதையான மனிதர், இப்பகுதி நிறுவனமொன்றில் அலுவலர். கார் கண்ணாடிபோல் மின்னியது. நம் நண்பர் அதைப் பார்க்கவேயில்லை. நேராகச் சென்று பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. “ஆறட்டும் சார், டீ குடிச்சிட்டு வரோம்” என்றார். குளிர்ந்த எஞ்சினை முதன்முதலாக முடுக்கும்போதுதான் அது உண்மை பேசும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நில்லாமல் வந்தால் குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் மூடியின் அடியில் மோர்போன்ற படலம் கண்டால் எண்ணெயும் நீரும் கலந்துவிட்டன என்று பொருள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சினில் இவற்றுள் பல மறைந்துவிடும்.

ஒரு மணிநேரம் கழித்துத் திரும்பினோம். அதன்பின் நாம் கண்டது ஒரு கலைஞரின் வேலை. ஒவ்வொரு கதவையும் கண்ணை மூடிக்கொண்டு சாத்திப் பார்த்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மேலிருந்து கீழாக நகத்தை ஓட்டினார். கீலின் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட வடு இருக்கிறதா என்று டார்ச் அடித்தார்; வடு இருந்தால் கதவு ஒருமுறை கழற்றப்பட்டது என்று அர்த்தமாம். காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று நாம் நம் அறிவைக் காட்டினோம். இவ்வகைக் கார்கள் பலவற்றில் கதவும் பானெட்டும் அலுமினியம், காந்தம் அங்கே ஒட்டாது என்று மெல்லச் சொன்னார். கண்ணாடிகளில் பொறித்த ஆண்டுக் குறிகள் ஒத்திருந்தன. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. அவையும் குறைசொல்லும்படி இல்லை. கதவுகளில் குற்றமேதும் இல்லை. அவர் முகத்தில் மகளின் திருமண ஊர்வலம் தெரிந்தது.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினார். முடுக்கவில்லை. விளக்குகள் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. மீண்டும் திருப்பினார். மூன்றாம் முறையும். விபத்தின்போது விரியும் காற்றுப்பைக்கான எச்சரிக்கை விளக்கு, சாவி திருப்பியவுடன் சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். இங்கே அது எரியவேயில்லை. எரிந்து அணைவது வேறு, எரியாமலே இருப்பது வேறு. எவரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். நண்பர் பக்கத்திலிருந்த இருக்கைப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது வழக்கமாக வெளிவரும் அளவுக்கும் மேலாக, கடைசி முழம் வரை இழுத்தார். அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தது.

2015 டிசம்பரை இப்பகுதியினர் எவரும் மறக்கமாட்டார்கள். டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு தன் கரைகளை விழுங்கியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றன. வாகன நிறுத்தங்களில் நின்ற கார்கள் கூரைவரை மூழ்கின. முழு இழப்பென்று காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குத் தீர்த்த வண்டிகள் ஏலத்துக்குப் போயின; எடுத்தவர்களில் சிலர் கழுவி மெருகேற்றி மறுபடி சந்தையில் நிறுத்தினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே கதைதான். சாதாரணக் காரைவிட உயர்வகைக் காருக்கு வெள்ளம் பெரிய பகை. அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்பின் கீழும் இருப்பவை. ஈரம் உடனே கொல்லாது. இணைப்புகளில் பச்சை பூத்து, இரண்டு மழைக்காலம் கழித்துக் கொல்லும். விபத்து நேரத்தில் காற்றுப்பை விரியாமல் போகலாம்.

நண்பர் இறங்கி வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “சார், நீங்க இல்லன்னு சொல்லாத வரைக்கும், இந்த வண்டி தண்ணியில நிக்கலன்னு நான் எடுத்துக்கறேன்.”

விற்பவர் பேசவில்லை. நாம் பார்த்த மௌனங்களுள் நீண்டது அது. வாசலில் நின்றிருந்த அவருடைய துணைவியார்தான் வாய்திறந்தார்: “சொல்லிடுங்களேன். நம்மகிட்ட ஒருத்தன் சொல்லல. அதுக்காக நாமளும் அப்படியே இருக்கணுமா?”

பிறகு அவர் சொன்னார். 2016இல் இன்னொருவரிடம் வாங்கியதாம். மூன்று ஆண்டு நன்றாக ஓடியது. பிறகு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது வண்டல் இருந்தது. பழுதுபார்க்கச் சொன்ன தொகையைக் கேட்டு மலைத்துப்போய், விளக்கை மட்டும் அணைத்து வாங்கிக்கொண்டார். கடன் தவணை கட்டி முடித்தது அண்மையில்தான். ஒன்றரை இலட்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அவர்மீது நமக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

நண்பர் காரை ஒருமுறை சுற்றிவந்தார். “விலை சரிதான் சார். ஆனா நாளைக்கு நான் விக்கும்போது நானும் இதே மாதிரி பேசாம நிக்கணுமே” என்றார்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல காருக்கும் கெட்ட காருக்கும் ஒரே விலைதான் கேட்கப்படும்; நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிவிடுவார்; நாளடைவில் சந்தையில் எஞ்சுவது கெட்டவையே. ஒருவர் சொல்லாமல் விடுவது அந்த ஒரு பேரத்தோடு முடிவதில்லை என்பதை அவர் கணக்குப்போட்டுக் காட்டினார். படப்பையில் அந்த அம்மையாருக்கு அது கணக்கின்றியே தெரிந்திருந்தது.

தாள்களைப் பற்றியும் ஒரு சொல். பதிவுச் சான்றிலுள்ள அடித்தட்டு எண் வண்டியில் பொறித்ததோடு ஒத்திருக்க வேண்டும். கடன் தீர்ந்ததென்பதை வங்கி எழுதித் தந்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயரை மாற்றாமல் விற்கும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இரண்டு மாதம் கழித்து நண்பர் சிறிய கார் ஒன்றைப் பார்த்துவைத்தார். ஏழு ஆண்டு வண்டி, இருங்காட்டுக்கோட்டையில் உருவானது, விற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இம்முறையும் நாம் உடன்சென்றோம். வழக்கம்போலக் கண்ணை மூடிக் கதவுகளைச் சாத்திப் பார்த்தார்; இடது பின்கதவில் விரல் சற்று நின்று, பிறகு நகர்ந்தது. ஒன்றும் சொல்லவில்லை. விலை முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, வண்டி வெள்ளத்தில் நின்றதில்லை, பெரிய விபத்து நேர்ந்ததில்லை என்று எழுதித் தரும்படி கேட்டார். ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவ்விரண்டையும் எழுதினார். எழுதி முடித்துச் சிறிது யோசித்து, இடது பின்கதவு எங்கள் வீட்டு இரும்புக் கதவில் இடித்துச் சரிசெய்யப்பட்டது என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்து, அதன் கீழே கையொப்பமிட்டார்.