முதல் கேள்வி

எங்கள் தெருப் பையன் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டான். நான் ஸ்டேஷனுக்குப் போனதும் முதல் கேள்வியே, "எந்தக் காலனி?" வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளை நகரத்தில் புகைப்பவர்களிடம் இதைக் கேட்பார்களா தெரியாது. ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் மூன்று வாரம் உள்ளே இருந்தான்.

பிறகுதான் வழக்கறிஞர் தோழர் ஒருவர் சொன்னார்: 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை. இவனிடம் இருந்தது ஒரு பொட்டலம்! மாணவத் தோழர்களே, அந்த எண்ணை நினைவில் வையுங்கள். ஸ்டேஷனில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது மனு போட்டிருக்கிறோம். வாராவாரம் அவனைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறேன். வழியில், அரசே ஏலம் விட்ட சாராயக்கடை. அங்கே வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறான்.