'அன்டூ' இல்லாத ஊரில் 10 நிமிட வார்ம்-அப்!

டிஜிட்டல் ஓவியம் வரைய உட்கார்ந்ததும் வெற்றுத் திரை மிரட்டுகிறதா? டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய் வாருங்கள்.

ஊருக்குள் சாலையோரத்திலேயே இருக்கிறது அர்ச்சுனன் தபசு. 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் செதுக்கிய பாறை. கிழக்கு பார்த்தது என்பதால், காலை வெயிலில் சிற்பங்கள் பளிச்செனத் தெரியும்.

முதல் 2 நிமிடம் கோடுகள், வட்டங்கள் மட்டும். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல், தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள்.

அடுத்த 5 நிமிடம், உருவத்துக்கு 30 விநாடி. பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான்... கண், காதெல்லாம் வேண்டாம். உடல் வளையும் விதம் போதும்.

கடைசி 3 நிமிடம் யானைக்கு. வெளிச்சம், நடுநிழல், இருட்டு என மூன்றே சாம்பல் நிறங்கள்.

ஒரே நிபந்தனை... 'அன்டூ' பட்டனைத் தொடக்கூடாது. அழித்து அழித்து வரைந்தால் கை தயங்கத்தான் பழகும். உளி பிடித்த சிற்பிக்கு அந்த வசதி ஏது?

தெற்கே சற்று நடந்தால், இதே காட்சியைப் பாதியில் விட்ட இன்னொரு பாறை. முடியாவிட்டாலும் அது அழகுதான். உங்கள் வார்ம்-அப் படமும் முடிய வேண்டாம். கை ஓடத் தொடங்கினால் போதும்!