பந்தும் பந்தியும்

கொல்கத்தாவுக்கு நான் படிக்க வந்தது இயற்பியல். ஆனால், இந்த நகரம் எனக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்திருக்கிறது. அதைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகின்றேன்.

ஆய்வுக்கூடத்தில் என்னோடு பணிபுரியும் வங்காள நண்பர் ஒருவர், சென்ற திங்களில் ஒரு நாள் மாலை 'கோலொந்தாஜ்' என்னும் படத்தைப் போட்டுக் காட்டினார். 2021இல் வந்த படம். வங்காளத்தில் கால்பந்தாட்டத்தை வளர்த்த நகேந்திர பிரசாத் சர்வாதிகாரியைப் பற்றியது. பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நண்பருக்கு விளக்கினேன். "இங்கே அது குடும்பப் பெயர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்" என்றார் அவர். படம் முடிந்த பிறகும் கேட்டேன். பிறகு நூலகத்தில் தேடியும் படித்தேன்.

1869இல் பிறந்த நகேந்திரர், ஹேர் பள்ளியில் படித்த சிறுவர். 1877ஆம் ஆண்டு ஒரு நாள், தாயாரோடு கங்கையில் நீராட வண்டியில் போகும்போது, மைதானத்தில் வெள்ளையர் பந்தாடுவதைக் கண்டு இறங்கி நின்றாராம். பந்து தம்மிடம் உருண்டு வரவே, ஓங்கி ஓர் உதை உதைத்துத் திருப்பி அனுப்பினாராம். மறுநாள் வகுப்புத் தோழர்களிடம் காசு திரட்டி ஒரு பந்து வாங்கியாயிற்று. வாங்கியது ரக்பிப் பந்து! உருண்டைப் பந்து தரையில் பட்டு எத்திசையில் எழும் என்று நாம் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். முட்டைப் பந்துக்கோ எந்தப் பக்கம் தரையில் படுகிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் ஒரு போக்கு. பையன்கள் அதைத் துரத்தித் திண்டாடுவதைப் பக்கத்திலிருந்த மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் என்னும் ஆங்கிலேயர் பார்த்தார். சரியான பந்தைத் தந்து ஆட்டத்தையும் கற்பித்தார் என்று சொல்கின்றார்கள்.

நம் நாட்டு மாணவரின் கால்பந்தாட்டம் இவ்வாறு கல்லூரித் தெருவில் தொடங்கிற்று. நகேந்திரர் பின்னர் மாநிலக் கல்லூரியிலேயே சேர்ந்தார். 1880களில் அக்கல்லூரியிலும், மருத்துவக் கல்லூரியிலும், சிவபூர் பொறியியல் கல்லூரியிலும் அணிகள் எழுந்தன. வெறுங்காலோடு ஆடினார்கள். வகுப்பு முடிந்ததும் மைதானம் நோக்கி நடந்த அந்த மாணவர்களை, இன்றும் அதே தெருவில் பழைய நூல் தேடிச் செல்லும்போது நான் நினைத்துக்கொள்கின்றேன்.

நகேந்திரர் சங்கங்களைத் தொடங்குவதிலும் வல்லவர். அவற்றுள் ஒன்று வெல்லிங்டன் சங்கம். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தனர். மணி தாஸ் என்னும் இளைஞரை அவர் அதில் சேர்க்க விரும்பினார். மணி தாஸ் குயவர் குலத்தவர். உறுப்பினர்கள் கூடாது என்றார்கள். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவர்கள் ஆடிய பந்தே விலங்கின் தோலால் ஆனது. தோலைத் தொடத் தயங்காதவர்கள், ஒரு மனிதனின் தோளைத் தொடத் தயங்கினார்கள். நகேந்திரர் வாதாடிப் பார்த்தார். பயனில்லை. சங்கத்தையே கலைத்துவிட்டார். சோவாபஜார் சங்கம் என்று புதிதாக ஒன்றை அமைத்து, மணி தாஸையும் அதில் சேர்த்துக்கொண்டார். அந்தச் சோவாபஜார் சங்கமே 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படையணியை வென்று, வெள்ளையரையும் வெல்லலாம் என்று காட்டியது. 1893இல் ஐ.எப்.ஏ. கேடயம் முதன்முதலாக நடந்தபோது, கலந்துகொண்ட ஒரே இந்திய அணியும் அதுதான். மோகன் பகான் 1911இல் அக்கேடயத்தை வென்றதை எல்லாரும் அறிவோம். அதற்கு விதை முன்பே விழுந்துவிட்டது.

பெயரில் சர்வாதிகாரி, செயலில் சமத்துவம். ஆனால் அன்றிரவு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் சிற்றூரில் திருவிழாவுக்காக ஒரு கால்பந்துப் போட்டி. எனக்கு வயது பதின்மூன்று. பந்து என்னுடையது, ஆகவே நானே தலைவன். வாய்க்காலுக்கு அப்பால் இருந்த குடியிருப்பிலிருந்து வந்து எங்களோடு நாள்தோறும் ஆடிய நண்பன் ஒருவன் இருந்தான். எங்களில் எவனையும்விட நன்றாக ஓடுவான். சட்டைகளுக்குப் பணம் கொடுத்த பெரியவர் பட்டியலைப் பார்த்தார். "நம்ம தெருப் பிள்ளைங்க போதும்ப்பா" என்றார். அவ்வளவுதான். நான் ஒன்றும் பேசவில்லை. அவன் பெயரை என் கையாலேயே அடித்தேன். போட்டி நாளில் அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே வந்த பந்துகளை எடுத்து எடுத்து எங்களிடம் வீசினான். ஒரு முறை என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தான். அன்று நாங்கள் வென்றோம். வென்றதால் யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பொங்கலை ஒட்டி மைதானத்தில் ஆட நம் சங்கம் ஓர் அணியை அமைக்கிறது. நமக்கு உணவு விடுதியில் இட்லி பரிமாறும் வங்காளத் தம்பியை எல்லாருக்கும் தெரியும். ஞாயிறுதோறும் நம்மோடு ஆடுகிறான். நம் எல்லாரையும் விட நன்றாக ஆடுகிறான். ஆனால் பட்டியலில் அவன் பெயர் இல்லை. மாணவர் மட்டுமே என்பது விதியாம். விதியை எழுதியவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அவனை யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். பந்தியில் நமக்குப் பரிமாறுகிறவன் நம்மோடு பந்தாடவும் கூடியவன் என்பது நமக்குத் தோன்றவில்லை.

சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னேன். குரல் சற்று நடுங்கிற்று. அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார்கள். நான் நகேந்திரர் அல்லன். சங்கத்தைக் கலைக்கும் வலிமையும் எனக்கில்லை, விருப்பமும் இல்லை. விதியைத் திருத்துங்கள் என்று கேட்கின்றேன். திருத்த மனம் வராவிட்டால், அணியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்து எடுத்துப் போட ஓர் ஆள் வேண்டுமல்லவா? இம்முறை அங்கே நான் நிற்கின்றேன்.