கோல் காத்தோன் கையறுநிலை

ஐய, பெர்ட் ட்ரவுட்மானே! ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவை அடுத்த சிற்றூர் ஒன்றில், 2013 ஜூலை 19 அன்று, எண்பத்தொன்பது ஆண்டு சுமந்த உடம்பை விட்டு நீங்கினாய். சங்கரன்கோவிலில் அது ஆடி பிறந்த கிழமை. தறிக்கூடங்கள் ஓயாது இரைந்தன. தேரோடும் வீதி ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை எதிர்நோக்கியிருந்தது. உன்னைக் கண்ணால் கண்டவர் இங்கு ஒருவருமில்லை. ஆயினும், முகம் காணாத சோழன்பொருட்டு உயிர் துறந்த பிசிராந்தையார் பாண்டி நாட்டார், நாங்களும் அந்நாட்டார். காணாதவனுக்கு அழ எங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அழுமுன் உள்ளதைச் சொல்வேன். 1923இல் பிரெமன் துறைமுக நகரில் பிறந்தாய். சிறுவயதிலேயே ஹிட்லரின் சிறுவர் படையில் சேர்ந்தாய். பாராசூட் வீரனாகிக் கிழக்குப் போர்முனையின் பனியில் கிடந்தாய். இரும்புச் சிலுவை பெற்றாய். உக்ரைன் காடொன்றில் யூத மக்களைக் குழிமுன் நிறுத்திச் சுட்டுக் கொன்றதை மறைந்திருந்து பார்த்தாய். பார்த்த பின்னும் அந்தப் படையிலேயே இருந்தாய். புகழ்மொழியால் இதைக் கழுவ எவருக்கும் உரிமையில்லை. அழுகின்ற எனக்கும் இல்லை.

போர் ஓய்ந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில், ஆஷ்டன் என்னும் ஊர்ப்புறத்துப் போர்க்கைதி முகாமில் அடைபட்டாய். அங்கேதான் ஒருநாள், கால்பந்தாட்டத்தில் அடிபட்ட நீ கோல்கீப்பரோடு இடம் மாறி நின்றாய். நின்ற இடமே உனக்கு வாழ்வாயிற்று. 1948இல் ஊர் திரும்ப வழி திறந்தபோது நீ போகவில்லை. பண்ணையில் உழைத்தாய், வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி செய்தாய், செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் சிறு அணிக்குக் கோல் காத்தாய். ஆங்கிலப் படையின் பிடி நழுவி எங்கள் கோயிலுக்குள் புகுந்து மறைந்தான் பூலித்தேவன் என்பது இவ்வூர் வழக்கு. நீயோ, உன்னைப் பிடித்தவர்களின் கண்முன்னே, மறைய ஓர் இடமும் இல்லாத கோல் வாயில் நின்றாய்.

1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அணி உன்னை ஒப்பந்தம் செய்தது. ஊர் கொதித்தது. 1940 கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில் ஜெர்மன் குண்டுகள் தீ வைத்த ஊர் அது. எரிந்த வீடுகளின் இடிபாடு அகலாத ஊர். இருபதாயிரம் பேர் திரண்டு உன்னை எதிர்த்தார்கள் என்பர். அவர்களைக் குறை கூற எனக்கு நா எழாது. அந்நாளில் ஒருவர் எழுதினார். அலெக்சாண்டர் ஆல்ட்மன், அந்நகரத்து யூதர்களின் மதகுரு, ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். ஒரு நாட்டின் பழியை ஒரு மனிதன் தலையில் ஏற்றாதீர் என்று நாளிதழுக்கு வெளிப்படையாகக் கடிதம் வரைந்தார். அணித்தலைவன் எரிக் வெஸ்ட்வுட் நார்மண்டியில் ஜெர்மானியரோடு பொருதவன். இந்த அறைக்குள் போர் இல்லை என்று சொல்லி உன்னை வரவேற்றான்.

சங்கனும் பதுமனும் ஆகிய நாகங்கள் சிவன் பெரியனோ திருமால் பெரியனோ என்று வழக்கிட, கோமதி அம்மை தவமிருந்தாள். ஒரு பாதி சடையும் மழுவும், மறுபாதி மணிமுடியும் சங்குமாய் ஒரே திருமேனி தோன்றிற்று என்பது எங்கள் ஊர்ப் புராணம். உன்னைத் தெய்வத்தோடு வைத்துப் பேசவில்லை, ஐய. அக்கதையில் தவம் யாருடையது என்பதையே நினைக்கிறேன். மான்செஸ்டரில் அத்தவத்தைச் செய்தவன் நீ அல்லை. உற்றாரை இழந்தும் வார இறுதிதோறும் திடலுக்கு வந்து, உன்னைப் பார்த்துப் பார்த்துச் சினம் ஆறிய அம்மக்கள் செய்தார்கள். நீ செய்ததெல்லாம், அத்தவம் வீண் போகாமல் காத்தது.

எப்படிக் காத்தாய்! 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹம் அணியோடு ஆட இறங்கியபோது வசை பொழிந்தது. உன் அணி தோற்றது, ஆயினும் நீ மறித்த பந்துகளைக் கண்டு கூட்டம் எழுந்து நின்றது, வெளியேறும் வழியில் இரு அணியினரும் வரிசையாய் நின்று கைதட்டினர். பிற காவலர் பந்தை வானில் உதைத்து விதியின் கையில் விட்ட காலத்தில், சிறுவயதில் கைப்பந்து ஆடிப் பழகிய தோளால் நெடுந்தூரம் எறிந்து, உன் அணியான் காலடியிலேயே சேர்த்தாய். தடுத்த கணமே தாக்குதலின் தொடக்கமாயிற்று.

பின்பு அந்த நாள் வந்தது. 1956 மே 5, வெம்பிளி, எஃப்.ஏ. கோப்பை இறுதி. பர்மிங்ஹாம் சிட்டி எதிரணி. ஆட்டம் முடியப் பதினேழு நிமிடம் இருக்க, பீட்டர் மர்ஃபியின் காலடியில் பாய்ந்தாய். அவன் முழங்கால் உன் கழுத்தில் மோதிற்று. நினைவிழந்து கிடந்தாய். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அந்நாளில் இல்லை. எழுந்தாய். கழுத்தைப் பிடித்தபடி நின்று, மீண்டும் பாய்ந்து மறித்தாய். 3-1 என வென்றீர்கள். பரிசளிக்கையில் இளவரசர் பிலிப் உன் கழுத்து கோணியிருப்பதைப் பற்றிக் கேட்டார். முதலில் பார்த்த மருத்துவர் சுளுக்கு என்றார். சில நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்தது: ஐந்து முள்ளெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன, இரண்டாவது எலும்பு பிளந்திருந்தது, மூன்றாவது அதனோடு செருகி நின்றதால் உயிர் தங்கிற்று.

எலும்பு கூடிற்று. கூடாததும் உண்டு. கழுத்தைக் கட்டோடு சுமந்திருந்த அந்தச் சில வாரங்களிலேயே, உன் ஐந்து வயது மகன் கார் மோதி இறந்தான். எத்தனை பந்தை மறித்த கை! அந்த ஒரு வண்டியை மறிக்க அது அங்கே இல்லையே! ஐயோ, ஐய, மகனை இழந்த தந்தையிடம் எந்தக் கோப்பையைக் காட்டி ஆற்றுவது? அவ்வாண்டு முடியுமுன் மீண்டும் கோல் வாயில் வந்து நின்றாய். நின்றாய் என்பதற்குமேல் எழுத என்னால் இயலவில்லை.

1964 வரை அந்த ஓர் அணிக்கே 545 ஆட்டம் ஆடினாய். உன் தாய்நாடு உன்னை ஒருமுறையும் அழைக்கவில்லை. உள்நாட்டில் ஆடுவோர்க்கே இடம் என்றார் பயிற்சியாளர் ஹெர்பெர்கர். 1954இல் அவர்கள் உலகக்கோப்பையை நீயின்றி வென்றார்கள். அது நீதியன்று என்றே நான் சொல்வேன். பின்னாளில் பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் என்று ஏழை நாடுகள்தோறும் ஜெர்மனியின் பெயரால் பந்தாட்டம் கற்பித்தாய். 2004இல் பிரிட்டன் உனக்கு ஓ.பி.இ. விருது அளித்தது.

பிரெமன் அழட்டும், மான்செஸ்டர் அழட்டும். எம்மவர் மூட்டை சுமந்தும் கடை வைத்தும் வாழ்ந்து, பின் வெறுங்கையோடு கப்பலேறிய ரங்கூனில், உன்னிடம் ஆட்டம் பயின்ற முதியவர் எவரேனும் இருப்பின் அவரும் அழட்டும். அவர் பக்கத்தில் எங்களுக்கும் சற்று இடம் விடட்டும், ஐய.