குதிகால் எழும்பக் கூடாதாம்

கதிர்காமத்துல வெயில் மண்டையைப் பிளக்குது.
பிரான்சு கிரெனோபிள்லேர்ந்து அக்கா பையன் வீடியோ கால்.
"மாமா, பூட்ஸ் வாங்க வந்திருக்கேன், பாருங்க!"

ஸ்னோபோர்டு பூட்ஸ். கெட்டி பிளாஸ்டிக்.
பலகையைச் சாய்ச்சு, விளிம்பாலயே பனியைக் கீறித் திரும்பணும்னா மெத்து பூட்ஸ் வளைஞ்சு கொடுத்துடுமாம்.

உள்ளுறையை உருவிட்டு வெறும் கூட்டுக்குள்ள காலை விட்டான்.
விரல் நுனி முன்னால முட்டுது.
குதிகாலுக்குப் பின்னால ரெண்டு விரல் தாராளமா நுழையுது.
"பெருசு மாமா. முட்டி மடக்கும்போது குதிகால் எழும்பிடும். அப்புறம் பலகை நம்ம பேச்சைக் கேக்காது."

பின்கால் பூட்ஸை இன்னும் கொஞ்சம் முன்னால சாய்ச்சு வைக்கணும்னும் சொன்னான்.

2018 ஒலிம்பிக்ல எஸ்டர் லெடெட்ஸ்கா ஸ்கீயிங், ஸ்னோபோர்டு ரெண்டுலயும் தங்கம் வாங்கினப்போ அவனுக்குப் புடிச்ச ஆசை இது.

லீவுக்கு வந்தா எங்க தெருவுல செருப்பில்லாம ஓடுன கால் அது.
அந்தப் பனியில எப்படித் தாங்குதோ?