‘அழுக்கு இல்ல தாயி, அது மண்ணு!’

கொரோனா காலத்தில் பிறந்த பிள்ளைகள் அதிகம் கேட்டு வளர்ந்த சொல், ‘தொடாதே’. கதவைத் தொடாதே, லிஃப்ட் பட்டனைத் தொடாதே, மண்ணைத் தொடாதே. ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் மட்டும் பல வீடுகளில் தங்கிவிட்டது.

சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் அந்த ஐந்து வயதுச் சிறுமியும் அப்படி வளர்ந்தவள்தான். வீட்டுக்குள் டைல்ஸ், வெளியே போனால் ஷூ. விரலில் கொஞ்சம் மண் பட்டாலே ‘அழுக்கு, அழுக்கு’ என்று கையை உதறுவாள். ‘எம் பொண்ணு ரொம்ப சுத்தம்’ என்று ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் பெருமை. யு.கே.ஜி. மிஸ் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் கவலை வந்தது. மற்ற பிள்ளைகள் களிமண் உருட்டும்போது இவள் மட்டும் ஓரமாக நின்று அழுகிறாளாம்.

கோடை விடுமுறைக்குத் தென்காசியிலிருந்து ஆச்சி வந்தார். மறுநாள் மாலையே பேத்தியைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அங்கே புங்க மரத்தடியில் பொரி கொட்டியதுபோல் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பேத்தி சிமென்ட் நடைபாதையைவிட்டு இறங்கவில்லை.

‘‘அழுக்கு ஆச்சி!’’

‘‘அழுக்கு இல்ல தாயி, அது மண்ணு.’’

அதற்குமேல் ஆச்சி வற்புறுத்தவில்லை. இரண்டாம் நாள் ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சிறுமி ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் காய்ந்த வாகை நெற்றைக் காதருகே ஆட்டிக் காட்டினார். கிலுகிலுப்பைபோல் சத்தம் வந்ததும் அவளே கையில் வாங்கிக்கொண்டாள். வேப்பம்பூவை முகர்ந்தாள். மரப்பட்டையைத் தடவி, ‘‘சொரசொரன்னு இருக்கு’’ என்றாள்.

இடையில் ஒரு நாள் கிண்டி சிறுவர் இயற்கைப் பூங்காவுக்குப் போனார்கள். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டை ஒட்டியிருக்கும் இடம் அது. மான்களைப் பார்த்து முடித்ததும், ‘‘கண்ணை மூடிக்க. எத்தனை சத்தம் கேக்குன்னு எண்ணு’’ என்றார் ஆச்சி. சருகு, அணில், கிளி, தூரத்தில் விமானம் என்று விரல்விட்டு எண்ணினாள் பேத்தி. அங்கே எதையும் பறிக்கவில்லை. கீழே கிடந்ததையும் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

இரண்டாவது வாரம், பாட்டில் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொஞ்சம் ஊற்றினார் ஆச்சி. ‘‘மழை வாசம்!’’ என்று கத்திக்கொண்டே சிறுமி குனிந்தாள். மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசத்துக்கு முக்கியக் காரணம். அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஷூவைக் கழற்றி ஈர மண்ணில் கால் வைத்தாள். அவ்வளவுதான்.

அன்று இரவு வீட்டில் சண்டை. மகளின் நகங்களில் கறுப்பு அப்பியிருந்ததைப் பார்த்து அம்மா கொதித்தார். ‘‘பூச்சி, கிருமின்னு ஏதாவது வந்தா யாரும்மா பாக்கறது?’’ ஆச்சி, ‘‘நீயும் இந்த மண்ணுலதான் வளந்த’’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் அம்மா குழந்தைகள்நல மருத்துவரிடம் போனார். மருத்துவர் சொன்னவை எளியவை. மண்ணைத் தொடலாம், வாயில் வைக்கக் கூடாது. விளையாடி முடித்ததும் சோப்பு போட்டுக் கை, கால் கழுவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பள்ளி, அங்கன்வாடியில் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடக் கூடாது. குழந்தை பயந்தால் கட்டாயப்படுத்தக் கூடாது. மண் மட்டுமல்லாமல் உடை, உணவு, சத்தம் என்று பலவற்றுக்கும் மிரண்டால் வளர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பின்லாந்தில் பத்து மழலையர் காப்பகங்களில் நடந்து, 2020-ல் வெளியான ஓர் ஆய்வு பற்றியும் அம்மா தேடிப் படித்தார். சில காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் பரப்பி விளையாடவிட்டார்கள். 28 நாள்களில் அந்தக் குழந்தைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சீராக்கும் அடையாளங்கள் ரத்தத்தில் கூடின. சிறிய ஆய்வுதான். ஆனால், அம்மாவின் பயத்தைக் குறைக்க அது போதுமாக இருந்தது.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்த இன்னோர் ஆய்வு 2015-ல் வெளியானது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கவைத்தார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே போனவர்களில் அது சுமார் 30 பேர்தான்.

ஆச்சி ஊருக்குக் கிளம்பும் முன் மகளுக்கும் ஒரு பாடம் நடத்தினார். அரளியில் எந்தப் பாகமும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் விஷம். புதரில் கைவிடும் முன் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘‘தொடாதேன்னு சொல்றதவிட, எத தொடலாம்னு சொல்லிக் குடு’’ என்றார்.

அடுத்த மாதம் குடியிருப்புச் சங்கக் கூட்டம். பூனைகள் அசிங்கம் செய்வதால், குழந்தைகளுக்கான மணல் தொட்டியை மூடிவிட்டு ரப்பர் தரை போடலாம் என்று பேச்சு வந்தது. அந்த யோசனையை முதலில் ஆதரித்தவர்களில் இந்த அம்மாவும் ஒருவர். இந்த முறை எழுந்து, ‘‘பழைய மணலை மாத்துவோம். ராத்திரியில வலை போட்டு மூடுவோம். தினமும் திறக்கறதும் மூடறதும் என் பொறுப்பு’’ என்றார். நிறைய வாக்குவாதம் நடந்தது. கடைசியில், தீபாவளி வரை பார்க்கலாம் என்று முடிவானது.

புது மணல் வந்துவிட்டது. பிள்ளைகள் கை, கால் கழுவ, தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குழாயும் போட்டாயிற்று.