பாஷை தெரியாத ஊரில் பச்சைக் குழந்தையோடு

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். வாய் இருந்தும் பாஷை இல்லாவிட்டால்? கல்யாணமாகி முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஜெர்மனிக்குப் போய், மறு வருஷமே தாயான எனக்கு இது பெரிய கவலையாக இருந்தது.

2007-லிருந்து, அங்கே கணவரோடு சேரப் போகும் மனைவியரில் பலர் ஜெர்மன் பாஷையில் 'ஏ1' என்ற முதல்படிப் பரீட்சையில் தேற வேண்டும். நானும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் எழுதித் தேறினேன். ஆனால் கடையில் விலை சொல்லும் வேகத்துக்கு அந்தப் படிப்பு போதவில்லை. இருபத்தொன்றை அவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்றல்லவா சொல்கிறார்கள்!

தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. நம் 'நீ', 'நீங்கள்' போல அவர்களுக்கு 'டு', 'ஸீ'. யாரிடம் எதைச் சொல்வது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவரை 'அக்கா' என்று கூப்பிட முடியாததுதான் மனசுக்குக் கஷ்டம்.

எங்கள் ஊரில் விமானப்படை நிலையம் இருக்கிறது. வடக்கேயிருந்து வந்த குடும்பத்துப் பெண்கள் "எவ்ளோ?", "வேணாம்", "கொறைச்சுக் குடு" என்ற மூன்றே பேச்சில் காய்கறி வாங்குவதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்தவள் நான். இலக்கணத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அதே வழியில் நானும் தேவையான வார்த்தைகளை மட்டும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். முதல் வார்த்தை 'லாங்ஸாம்' — மெதுவாக!

பிரசவமானதும் 'ஹெபாமெ' என்கிற மருத்துவச்சி வீட்டுக்கே வந்தார். முதல் பத்து நாள் தினமும் வரலாம். பிறகு பன்னிரண்டு வாரம் வரை அவ்வப்போது வருவார். செலவு மருத்துவக் காப்பீட்டைச் சேர்ந்தது. குழந்தையை எடை போட்டு, தொப்புளைப் பார்த்து, பால் கொடுக்கும் விதம் காட்டுவார். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வார். அம்மா பக்கத்தில் இல்லாத குறையைப் பாதி தீர்த்தவர் அவர்தான்.

நாலாம் மாசம் ஒரு ராத்திரி குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கணவர் வெளியூரில். டாக்டர்கள் இல்லாத நேரத்துக்கான 116117 எண்ணைச் சுழற்றினேன். "குழந்தை. நாலு மாசம். ஃபீபர். முப்பத்தொன்பது. பால் குடிக்கவில்லை." அவ்வளவுதான் என் ஜெர்மன். அந்த அம்மாள் மெதுவாக, இரண்டு தரம் விலாசம் சொன்னார். உடனே அங்கே ஓடினோம். விடிவதற்குள் காய்ச்சல் தணிந்து, குழந்தை பால் குடித்தது.

வெளிநாடு போகும் இளம் தாய்மார்களே! ஊறுகாய் கட்டும்போதே எண்கள், குழந்தையின் வயது, எடை, காய்ச்சல், ஒத்துக்கொள்ளாத மருந்து — இவற்றை அந்த ஊர்ப் பாஷையில் மனப்பாடம் செய்துவிடுங்கள். நாம் 102 டிகிரி என்பது அங்கே ஏறக்குறைய 39 என்பதும் நினைவிருக்கட்டும். உயிருக்கு ஆபத்தென்றால் ஐரோப்பாவில் 112. மற்றப் பேச்செல்லாம் பிள்ளையோடு சேர்ந்து மெள்ள வரும். என் மகளோடு சேர்ந்துதான் எனக்கும் வந்தது.